ஆள் இருக்கும் வீட்டில் பால் காய்ச்சினார்கள்

"கார்த்திகை, கடைசி புதன். காலை. நம் அடுப்பில் வேறு வீட்டாரின் பால் பொங்கியது. கிழக்கே வழிந்தது; நல்ல சகுனம் என்றார்கள். புரோக்கர் ஏன் சமையலறைக்குள் வரவில்லை?"

தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் பின்புறம், என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. கடைசிக் கேள்வியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். தாளின் ஓரத்தில் பால் பட்டுக் காய்ந்த கறை.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸ் சிலிண்டர் மாட்டிய நாளைக்கூட அதன் மேலேயே சாக்பீஸால் எழுதி வைக்கிறவன். ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதி வந்த பழக்கம். ஆனால் இந்த அத்தியாயத்தில் ஆண்டைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். விஷயம் இன்னும் முடியவில்லை.

அன்று காலை நல்ல பனி. சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஈரம் பூத்திருந்தது. என் மனைவி சபுரா முந்தைய நாளே அடுப்பைப் புளி போட்டுத் தேய்த்து, மேடையைக் கழுவி, கறி ஆக்கும் சட்டிகளை எல்லாம் பின்பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தாள். மேடைமேல் மஞ்சள் தடவிய புதுப் பாத்திரம். வாழை இலையில் சர்க்கரை. ஊதுவத்திப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

அடுப்பின் முன் தனலட்சுமி என்ற பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்காது. பக்கத்தில் அவள் கணவர் குமரேசன், நாமக்கல்லில் கேஸ் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். இருவரும் அதற்கு முன் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. நாங்களோ பல வருடமாக அதில் குடியிருந்தோம். காலி செய்யவும் இல்லை.

ஆள் குடியிருக்கிற வீட்டில் இன்னொருவர் வந்து பால் காய்ச்ச நான் எப்படிச் சம்மதித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

பணம் அங்கே, வீடு இங்கே

எங்கள் சேலம் பக்கத்தில் வாடகைக்குக் குடியிருப்பது ஒன்று, போகியத்துக்குக் குடியிருப்பது இன்னொன்று. போகியத்தில் மாத வாடகை கிடையாது. பெரிய தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அவர் அதை வைத்துத் தொழில் செய்வார். நாம் அவர் வீட்டில் இருப்போம். போகும்போது அதே தொகை வட்டியில்லாமல் திரும்பி வரும். வர வேண்டும்.

வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் வைத்திருப்பதில்லை. அடுத்து வருகிறவர் கொடுக்கும் தொகையைத்தான் முன்னால் இருந்தவருக்குத் திருப்பிக் கொடுப்பார். இது ஊருக்கே தெரியும். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மண்டியிலிருந்து விலகியபோது கிடைத்த பணம், சபுராவின் நகையில் பாதி, இரண்டையும் சேர்த்து எங்கள் வீட்டுக்காரர் நல்லசாமியிடம் கொடுத்திருந்தோம். அது திரும்பி வந்தால்தான் எங்களுக்கு அடுத்த வீடு. வராவிட்டால் வேறு எதுவும் இல்லை. எங்கள் கையில் இருந்த ஒரே பிடி, நாங்கள் அந்த வீட்டுக்குள் இருந்ததுதான்.

நல்லசாமிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டமும், வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியும் உண்டு. மரியாதைக்காரர். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவருவார். நோன்பு மாதத்தில் வந்தால் கஞ்சியைத் தூக்குப்போசியில் கேட்டு வாங்கிப் போவார். போகிய எழுத்தைப் புதுப்பிக்கும்போது பத்திரத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். பதிவு செய்ததில்லை. பதிவு பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்பது, உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும். கரும்பு கொண்டுவந்த மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு வருகை

தீபாவளி முடிந்த வாரம் நல்லசாமி வந்தார். காபியை மெதுவாகக் குடித்தார். மகனுக்குத் திருமணம் பேசுவதாகச் சொன்னார்.

"ஏனுங்க பாய், மார்கழிக்கு முந்தி ஊட்டை ஒதுக்கிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க. பையன் கண்ணாலத்துக்கு வேணுமுங்க."

பணத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதெங்கீங்க போகுது. நீங்க சாவியைக் குடுத்த அன்னைக்கே கொண்டாந்து குடுத்தர்றனுங்க."

அவர் போனதும் இந்த வாக்கியத்தைத்தான் எழுதி வைத்தேன். சாவி கொடுத்த அன்று பணம் என்றார். பணம் கொடுத்த அன்று சாவி என்று சொல்லவில்லை. பேசியது முழுவதும் என் முகத்தைப் பார்த்து. போகும்போது பார்த்தது கேட்டில் தொங்கிய என் பூட்டை.

அடுத்த சில நாட்களில் செல்வம் என்ற புரோக்கர் வந்தார். பெயிண்ட் அடிக்க எஸ்டிமேட் போடவேண்டும், கொஞ்சம் வீடியோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். உள்ளே விட்டேன். பெயிண்ட் அடிக்கிறவருக்குச் சுவர் போதும். செல்வம் குழாயைத் திறந்து தண்ணீர் வேகமாக வருவதைப் படம் பிடித்தார். அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். எங்கள் மகளின் திருமணப் படம் மாட்டியிருந்த சுவர் பக்கம் மட்டும் கேமரா போகவில்லை. தஸ்பீஹ் மணிமாலை தொங்கிய மூலைக்கும் போகவில்லை.

"மகன் கல்யாணத்துக்கு வீடுன்னா வீடியோ எதுக்கு? மகன் பார்த்ததே இல்லையா இந்த வீட்டை?" என்றாள் சபுரா. எனக்கும் அதே சந்தேகம்.

இதற்கிடையில் நாங்களும் வீடு தேடினோம். 'டு லெட்' போர்டு பார்த்துப் போன் செய்தால் முதலில் பேர் கேட்பார்கள். சொன்னதும், "அடடா, இப்பத்தாங்க ஒருத்தரு வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாரு" என்பார்கள். அந்த போர்டு மறுவாரமும் அதே கம்பத்தில் தொங்கும். நாங்கள் வீடு தேடுவதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வேண்டும். நல்லசாமிக்கு இது தெரியும். அதனால்தான் மார்கழியைச் சொல்லி நெருக்குகிறாரோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்தவர்

பழைய மண்டி நண்பர் ஒருவரின் மகன் வக்கீல். அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

வாடகைக்கு இருப்பவருக்கு இப்போது சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்குமேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியே தள்ள முடியாது. கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது. போகியமோ வாடகைக்கும் அடமானத்துக்கும் நடுவில் நிற்கிறது. பதியாத எழுத்து, பணம் கொடுத்ததற்கு ஒரு சாட்சியாக வரலாம். வீட்டின்மேல் பெரிய உரிமை எதையும் தராது.

"நீங்க உள்ள இருக்கிற வரைக்கும்தான் பாய் அவருக்கு உங்க ஞாபகம் இருக்கும்" என்றார். "சாவி கை மாறிருச்சுன்னா அப்புறம் வருஷக்கணக்குல என் ஞாபகம்தான் உங்களுக்கு."

இதைக் கேட்டுவிட்டு வந்த மறுநாள் காலை மோட்டார் ஓடவில்லை. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆரம்பித்துவிட்டார் என்று முடிவு செய்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டதாக வாடகை அதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். சட்டத்தின் பெயர், நேரம், சாட்சி எல்லாம் சேர்த்து நல்ல மனு. கையெழுத்துப் போடும்போது எலக்ட்ரீசியன் வந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கருகிப்போன ஒரு பல்லி.

"இவரு மேலயா பாய் மனு குடுக்கறீங்க?" என்று அதை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

அந்த மனுவைக் கிழிக்கவில்லை. சந்தேகம் ஒரு தடவை தப்பானால் அடுத்த தடவையும் தப்பாகும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

அம்மாபேட்டை வாசல்

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்களுக்குத் திருமணமான புதிதில் அம்மாபேட்டையில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். அக்கம்பக்கம் முழுவதும் தறிச் சத்தம். வீட்டுக்காரர் பட்டுத்தறி வைத்திருந்தார். மகா கஞ்சர். நாங்கள் காலி செய்தபோது சுவரில் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கழித்துக்கொண்டார். சபுரா அவரை இன்றைக்கும் ஆணிக்காரர் என்றுதான் சொல்வாள்.

ஆனால் ஒன்று செய்தார். எங்களையும் புதிதாக வருகிறவரையும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரச் சொன்னார். புதியவர் பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் அதிலேயே ஆணிக்குக் கழித்துக்கொண்டு எங்களிடம் கொடுத்தார். நான் சாவியைப் புதியவரிடம் கொடுத்தேன். எல்லாம் ஒரு நிமிடத்தில். யாரும் யாரையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

நல்லசாமியின் வீட்டு விஷயத்தில் நான் கவனித்தது இதுதான். புதிதாக வருகிறவர் யார் என்று யாரும் சொல்லவில்லை. மகன் என்ற பேச்சு மெல்ல மறைந்து, "ஒரு பார்ட்டி" என்ற பேச்சு வந்தது. அந்தப் பார்ட்டியின் பேரைக் கேட்டால், "நல்ல குடும்பமுங்க" என்று பதில் வந்தது.

செல்வம் கேட்ட உதவி

கார்த்திகை முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது செல்வம் மறுபடி வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

புதிய பார்ட்டி தை மாதம்தான் சாமானோடு வருமாம். அவர்கள் பணம் வந்ததும் எங்கள் பணம் வந்துவிடுமாம். அதுவரை நாங்கள் தாராளமாக இருக்கலாமாம். ஆனால் மார்கழியில் புது வீடு புக மாட்டார்கள்; அதற்குமுன் நல்லசாமியே பார்த்துச் சொன்ன ஒரு நல்ல நாளில் பால் மட்டும் காய்ச்சிவிட்டால் அவர்களுக்கு மனசு நிம்மதி.

"சாமி சத்தியமா பாலு மட்டும்தானுங்க பாய். விடியக்காலம் வருவாங்க, காச்சுவாங்க, ஆளுக்கொரு டம்ளரு குடிச்சுட்டுக் கெளம்பீருவாங்க. நீங்க பாத்துட்டே நிக்கலாமுங்க."

எனக்கு உடனே தோன்றியது, தெருவின் கண். ஒரு வீட்டில் யாருடைய பால் பொங்குகிறதோ அவர்கள் வீடு அது என்று தெரு முடிவு செய்துவிடும். நாளைக்கு ஒரு தகராறு என்றால், "அவங்கதான் பால் காய்ச்சிட்டாங்களே" என்று சொல்ல அக்கம்பக்கத்தில் பத்து வாய் தயாராக இருக்கும்.

சபுராவிடம் முடியாது என்று சொல்லிவிடப்போவதாகச் சொன்னேன்.

"நீங்க வேணா சொல்லுங்க" என்றாள். "ஒருத்தர் பால் காய்ச்ச வர்றேன்னு கேட்டா, வேணாம்னு சொல்ற வாய் எனக்கு இல்ல. நாளைக்கு நாமளும் ஒரு வீட்டுல போய்க் காய்ச்சணும்."

நாங்களும் இந்த வீட்டுக்கு வந்தபோது பாத்திஹா ஓதிவிட்டுப் பால்தான் காய்ச்சினோம்.

நிபந்தனைகள் போட்டேன். சாமி படம் மாட்டக் கூடாது. பாத்திரம் எதையும் விட்டுப் போகக் கூடாது. பூட்டும் சாவியும் என்னிடமே இருக்கும். செல்வம் மூன்றுக்கும் யோசிக்காமல் தலையாட்டினார். நான் நாலாவதாக ஒன்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பால் பொங்கிய பிறகு

பால் பொங்கி வழிந்தது. தனலட்சுமி கைகூப்பினாள். சர்க்கரை போட்டு ஆற்றி, முதல் டம்ளரைச் சபுராவிடம் நீட்டினாள். எனக்கும் ஒன்று. கொஞ்சம் அடிப்பிடித்த வாசனையோடு நல்ல தித்திப்பு. வாசலில் நின்ற செல்வத்துக்குக் குமரேசன் ஒரு டம்ளர் எடுத்துப் போனார். நல்லசாமி வரவில்லை, ரிக்கில் கம்ப்ரஸர் ரிப்பேர், வடக்கே போயிருக்கிறார் என்று செல்வம் சொல்லியிருந்தார்.

தனலட்சுமி சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். எங்கள் அரிசி டிரம், மசாலா டப்பாக்கள், கிரைண்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் முகம் மாறியது.

"அக்கா, நீங்க இன்னும் ஒண்ணுமே கட்டலீங்களா?" என்று கேட்டாள். "எங்க சாமான் நாளைக்கு வருதுங்களே."

சபுரா என்னைப் பார்த்தாள்.

"தை மாசம்னுதானே சொன்னாங்க?" என்றேன்.

"இல்லீங்களே. இன்னைக்குச் சாயந்தரம் நீங்க கெளம்பீருவீங்கன்னு சொன்னாங்க. நாமக்கல்லு ஊட்டை நாங்க ஒதுக்கிக் குடுத்தாச்சுங்க. நாளைக்கு அங்க வேற ஆளு வாராங்க."

"எங்க காசு வராம நாங்க எப்படிம்மா கிளம்புறது? நீங்க காசு குடுத்தாத்தான் எங்களுக்கு வரும்னு சொன்னாங்க" என்றாள் சபுரா.

தனலட்சுமி டம்ளரை மேடைமேல் வைத்தாள்.

"நாங்க குடுத்தாச்சுங்க அக்கா. ஐப்பசிலயே. பூராத்தையும்."

வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. செல்வம் டம்ளரைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பாதிப் பால் அப்படியே இருந்தது.

குமரேசன் துரத்திக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். திரும்பி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் போட்டுப் பார்த்தோம். முதல் தடவை செல்வம் எடுத்தார். பணத்தை அன்றே நல்லசாமி கையில் கொடுத்துவிட்டேன், அவரைக் கேளுங்கள் என்றார். அதன்பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. நல்லசாமி எடுக்கவில்லை.

இந்த இடத்தில் என் மனம் போன போக்கைச் சொல்கிறேன். இவர்களும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். பால் காய்ச்சியாகிவிட்டது. வீடு இல்லை என்று நிற்கிறார்கள். இரக்கப்பட்டு உள்ளே விட்டால் மெல்ல மெல்ல எங்களை வெளியே தள்ளலாம். வீடு பார்க்காமலா பணம் கொடுத்தீர்கள் என்று குறுக்குக் கேள்வி கேட்டேன். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் அடிக்கடி போய் நிற்பது மரியாதை இல்லை என்று செல்வம் சொல்லிவிட்டாராம். வீடியோ காட்டினாராம். குழாயில் தண்ணீர் வேகமாக வருவதைப் பார்த்து வீட்டை முடிவு செய்ததாகத் தனலட்சுமி சொன்னாள். அவர்களுடைய மகள் சேலத்தில் நர்சிங் சேர்ந்திருந்தாள். மார்கழிக்குள் குடி வந்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு.

சபுரா என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

"அந்தப் பொண்ணு காதைப் பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். தோடு இருக்க வேண்டிய துளைகளில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. துளை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகுவது. பட்டுப்புடவை உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, புது வீட்டில் பால் காய்ச்ச வந்த பெண், காதில் குச்சியோடு வந்திருக்கிறாள். நாடகத்துக்கு அதைச் செய்ய மாட்டார்கள்.

ஒரு வீடு, இரண்டு சமையல்

வக்கீலுக்குப் போன் செய்தேன். உள்ளே விடாதீர்கள், உங்கள் பிடி தளர்ந்துவிடும் என்றார். அவர் சொன்னது சரி. மறுநாள் லாரி வந்து வாசலில் நின்றது. பீரோ, கட்டில், மகளின் புத்தகப் பை. மழைத் தூறல் வேறு ஆரம்பித்திருந்தது. முன்னறையைத் திறந்து கொடுத்தோம்.

கொடுப்பதற்கு முன், அவர்கள் எங்கள் சம்மதத்தின்பேரில் தங்குகிறார்கள், வீடு எங்கள் அனுபவத்தில்தான் இருக்கிறது என்று எழுதிக் குமரேசனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "சந்தேகப்படறீங்களாங்க பாய்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"பட்டுக்கங்க. நானும்தான் படறேன்" என்று கையெழுத்துப் போட்டார். அந்த நொடியில் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மார்கழி முழுவதும் அப்படியே போனது. அதிகாலையில் தனலட்சுமி முன்னால் கோலம் போடுவாள். சபுரா பஜ்ர் தொழுகைக்கு எழுந்தவள், அவளுக்கும் சேர்த்து டீ போடுவாள். ஒரே அடுப்பில் முதலில் அவர்கள் சமையல், பிறகு எங்களுடையது. வெள்ளிக்கிழமைகளில் கறி வாசனை முன்னறைக்குப் போகாமல் சபுரா கதவைச் சாத்தப் போனால், "எதுக்குங்க அக்கா சாத்தறீங்க, எங்கூட்டுக்காரரு மோந்து பாத்துட்டுச் சோறு திங்கட்டும்" என்று தனலட்சுமி திறந்துவிடுவாள். குமரேசன் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பப் பல நாள் ஆகும். பெண்கள் இருவரும் நெருங்கிவிட்டார்கள். நானும் அவரும் அவ்வளவு நெருங்கவில்லை.

கேட்டுக்கு வெளியே ஒரு பேச்சு

மார்கழி நடுவில், குமரேசன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து நல்லசாமி காரில் வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று என்னை அழைத்தார். இளைத்திருந்தார். காலர் அழுக்காக இருந்தது. அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

செல்வம் தன்னையும் ஏமாற்றிவிட்டான் என்றார். தன் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். ரிக் நின்று மாதக்கணக்காகிறது, கடன்காரர்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள் என்றார். எல்லாம் நம்பும்படிதான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தல். பணம் வரவில்லை என்றால், பணமே தராத பார்ட்டிக்குப் பால் காய்ச்ச எதற்கு நாள் பார்த்தார்?

பிறகு குரலைத் தணித்தார்.

"அவங்களை மட்டும் வெளிய தாட்டி உட்டுருங்க பாய். ஊடு உங்க கையில இருக்குது, நீங்க சொன்னா போயிருவாங்க. ரிக்கை வித்துட்டுத் தைக்குள்ள உங்களுது பூராத்தையும் குடுத்தர்றனுங்க. அவங்க செல்வத்துகிட்டக் குடுத்தாங்க, செல்வத்துகிட்ட வாங்கிக்கட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நேராக உள்ளே வந்து சபுராவிடம் சொன்னேன். நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவள் சமையலறையில் தனலட்சுமியிடம் சொல்லிவிட்டாள். தனலட்சுமி அழவில்லை. கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்துவிட்டு, தங்களிடமும் அப்படி ஒரு பேச்சு வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவோம் என்றாள்.

அடுத்த மனு நாள் திங்கட்கிழமை, நாங்கள் நால்வரும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனோம். ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பம் பணம் கொடுத்ததாக ஒரே மனுவில் எழுதினோம். வரிசையில் நின்ற ஒருவர், "அட, குடி இருக்கறவங்களும் குடி வந்தவங்களும் ஒட்டுக்கா வந்திருக்கறீங்களா?" என்று சிரித்தார். மனு போலீஸுக்குப் போனது. இரண்டு குடும்பத்தையும் நல்லசாமியையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்; செல்வத்தின் எண் இன்னும் அணைந்தேதான் இருக்கிறது. வக்கீல் சொல்வது இதுதான்: இரண்டு குடும்பமும் ஒரே பேச்சில் நின்றால் நல்லசாமி ரிக்கையோ நிலத்தையோ விற்றாவது இரண்டு பேருக்கும் கொடுத்தாக வேண்டிவரும். ஒன்று நழுவினால் மற்றொன்றின் பணம் போய்விடும்.

மொட்டை மாடி

போன வாரம் குமரேசன் வீட்டில் இருந்தார். மாலை நேரம். சாப்பிட உட்கார்ந்தவருக்குப் போன் வந்தது. திரையைப் பார்த்தார். எச்சில் கையோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

காயப்போட்ட துணியை எடுக்க நானும் படியேறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் அவர் குரல் கேட்டது. "ஆமாங்க... சரிங்க... அவங்ககிட்ட இன்னும் சொல்லலீங்க." நான் துணியை எடுக்காமல் இறங்கிவிட்டேன்.

கீழே வந்தவர், நான் கேட்காமலேயே சொன்னார்: "டேங்கர் ஆபீசுல இருந்துங்க பாய். லோடு இருக்குதாம்."

மறுநாள் அவர் லோடுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அவருடைய ஆபீஸில் லோடு ரத்தாவது வழக்கம்தான் என்று தனலட்சுமி பேச்சுவாக்கில் சொன்னாள். அப்படியும் இருக்கலாம். சபுராவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் அது சமையலறைக்குப் போய்விடும். அப்புறம் இந்த வீட்டில் இரண்டு குடும்பம் இருக்க முடியாது.

விசாரணை அடுத்த வாரம். இந்த இதழ் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் அதை முதலில் பிரித்துப் படிப்பது தனலட்சுமி.

நல்லசாமி என்னிடம் கேட்டுக்கு வெளியே பேசியதைக் குமரேசனிடமும் பேசினாரா, அன்று மாலை வந்த அழைப்பு யாருடையது என்பதை, இதை அச்சுக்கு அனுப்பும் இந்த நாள்வரை நான் உறுதி செய்யவில்லை.